தெற்கு பர்கண்டியில் ஓட்டப்பாதை போடுவது எப்படி

ஆல்ப்ஸ் மலையில் ஓடப் போகிறவர் ஒரு வாரம் முன்னாலேயே வரைபடத்தை விரித்துவிடுவார். பிரான்ஸின் பர்கண்டி மாதிரி தாழ்ந்த குன்றுகள் உள்ள ஊருக்குப் போகிறவர், "என்ன பெரிய மேடு, பார்த்துக்கலாம்" என்று கிளம்பிவிடுவார். மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இரண்டாமவர்தான். இந்தப் பக்கம் ஆளைக் கவிழ்ப்பது ஏற்றம் இல்லை. மழைக்குப் பிந்தைய களிமண், பூட்டிக் கிடக்கும் கடை, ஞாயிற்றுக்கிழமை பஸ். மூன்றையும் வீட்டில் உட்கார்ந்தே கணக்குப் போட்டுவிடலாம்.

இங்கே எடுத்துக்கொள்வது சோன்-எ-லுவார் மாவட்டத்தில் க்ளூனியைச் சுற்றிய பகுதி. ஷரோலே இன வெள்ளை மாடுகள், உயிர்வேலி கட்டிய புல்வெளிகள், சுண்ணாம்புச் சரிவுகளில் திராட்சைக் கொடி. பாரிஸிலிருந்து டி.ஜி.வி. எனும் அதிவேக ரயிலில் மாக்கோன்-லோஷே நிலையம், அங்கிருந்து பஸ்ஸில் க்ளூனி.

முதலில் முதுகெலும்பு

பழைய தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, மோட்டார் வண்டி நுழைய முடியாதபடி போட்ட பாதைக்கு வ்வா வெர்த் என்று பெயர், பசுமைப் பாதை. ஜிவ்ரியிலிருந்து க்ளூனி வரை ஓடும் 44 கி.மீ. பாதை 1997-ல் திறக்கப்பட்டது. பிரான்ஸின் முதல் வ்வா வெர்த் என்ற பெயர் அதற்கு உண்டு. உங்கள் திட்டத்தின் முதுகெலும்பாக இதை வைத்துக்கொள்ளுங்கள். வழி தவறாது, சேறு இல்லை, கார் இல்லை.

ரயில் ஏறிய பாதை என்பதால் செங்குத்தான இடமே கிடையாது. ஆனால் மெதுவாக ஏறிக்கொண்டே போகும் இடங்கள் உண்டு. 1 சதவீத ஏற்றம் கண்ணுக்குத் தெரியாது, 5 கி.மீ. போனால் 50 மீட்டர் ஏறியிருப்பீர்கள். "இன்றைக்கு ஏன் கால் வரவில்லை" என்று யோசிக்கிறவர்களுக்குப் பாதி நேரம் பதில் இதுதான். கடிகாரத்தில் வேகத்தைப் பார்க்காமல் மூச்சைப் பார்த்து ஓடுங்கள். திரும்பும்போது அந்தச் சரிவு கடனைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

இன்னொரு தொல்லை, பாதை முழுக்க வழவழப்பான தார். 15 கி.மீ.க்கு மேல் போனால் முன்னங்கால் எலும்பு வலிக்கத் தொடங்கும். ஓரத்துப் புல் வெட்டியிருந்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதில் இறங்கி இரண்டு நிமிடம் ஓடுங்கள். சைக்கிள்காரர்கள் பின்னாலிருந்து சத்தமில்லாமல் வருவார்கள். வலப்பக்கம் ஒட்டிப் போங்கள், ஒரு காதையாவது திறந்து வையுங்கள்.

முதல் நாளுக்குச் சரியான ஓட்டம் க்ளூனியிலிருந்து வடக்கே தெஸே வரை, சுமார் 10 கி.மீ. தெம்பிருந்தால் கோட்டை மாளிகை உள்ள கோர்மத்தான் வரை, மொத்தம் 14 கி.மீ. சுமார். திரும்பி வர மாக்கோன்–ஷலோன் பஸ் இருக்கிறது. போகும்போது பஸ்ஸும் வரும்போது ஓட்டமும் என்று வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். மாற்றிச் செய்தால், பஸ் தவறிப்போய் வியர்வை காய்ந்த சட்டையோடு ரோட்டோரம் இரண்டு மணி நேரம் நிற்க நேரும். ஞாயிறும் பண்டிகை நாளும் பஸ் மிகக் குறைவு.

க்ளூனிக்குத் தெற்கே மாக்கோன் பக்கம் போகிறவர்களுக்கு புவா க்ளேர் சுரங்கம் வரும். நீளம் 1.6 கி.மீ. கோடையில் வெளியே 35 டிகிரி அடித்தாலும் உள்ளே குளிர் உறைக்கும். நனைந்த சட்டையோடு நுழைகிறவர்கள் மெல்லிய மேல்சட்டை ஒன்றை இடுப்பில் கட்டிக்கொள்வது நல்லது. குளிர்காலத்தில் வௌவால்கள் உறங்குவதற்காகச் சுரங்கத்தை மூடிவிடுவார்கள். அப்போது மாற்று வழி கணவாய் மேல் ஏறி இறங்கும். தட்டையான ஓட்டம் என்று நம்பி வந்தவருக்கு அன்றைக்குத்தான் இந்த ஊரின் ஒரே கெட்ட மேடு.

பிறகு கிளைகள்

நேர்ப்பாதையிலேயே ஓடிக்கொண்டிருந்தால் மூன்றாம் நாள் சலித்துவிடும். முதுகெலும்பிலிருந்து ஒரு கிராமத்துக்கு ஏறி, குன்றைச் சுற்றி, அடுத்த கிராமத்தில் மீண்டும் இறங்குவதுதான் நல்ல சுற்று. பாதியாவது வ்வா வெர்த்தில் இருக்கட்டும், மிச்சம் மண்பாதை.

பிரான்ஸ் அரசின் வரைபட நிறுவனமான ஐ.ஜி.என்.னின் 1:25,000 வரைபடத்தில் 4 செ.மீ. என்றால் 1 கி.மீ. இணையத்தில் அதே படத்தை இலவசமாகப் பார்க்கலாம். மூன்றைக் கவனியுங்கள். ஒன்று, உயரக்கோடுகள்: உங்கள் பாதை எத்தனை கோட்டை வெட்டுகிறதென்று எண்ணி, வரைபட ஓரத்தில் கொடுத்துள்ள இடைவெளியால் பெருக்குங்கள், 100 மீட்டர் ஏற்றத்துக்கு 1 கி.மீ. கூடுதலாக ஓடியதாகக் கணக்கு வையுங்கள். இரண்டு, நீல ஓடை மண்பாதையைத் தொடும் இடம். அங்கே சேறு நிச்சயம். மூன்று, கோடு இருக்கிறது என்பதற்காக அது பொதுவழி ஆகிவிடாது. ஊராட்சியின் கிராமப்பாதையில் யாரும் போகலாம். பண்ணைக்குள் போகும் தடம் தனியாருடையதாக இருக்கலாம். "ப்ரொப்ரியேத்தே ப்ரிவே" (தனியார் சொத்து) என்ற பலகை தெரிந்தால் திரும்பிவிடுங்கள். 2023 பிப்ரவரிச் சட்டத்துக்குப் பிறகு, தெளிவாகப் பலகை வைத்த தனியார் காட்டிலும் வயலிலும் நுழைவது அபராதத்துக்குரிய குற்றம்.

இந்தத் தலைவலி வேண்டாமென்றால் வண்ணக்கோடு போட்ட பாதைகளை மட்டும் கோத்துச் சுற்று அமையுங்கள். மரத்திலும் கம்பத்திலும் கிடைக்கோடாக வரைந்திருப்பார்கள். மஞ்சள் ஒற்றைக்கோடு உள்ளூர்ச் சிறு சுற்று. ஓடுகிறவர்களுக்கு இதுதான் அளவானது. மேலே வெள்ளை, கீழே சிவப்பு என்றால் ஜி.ஆர். எனும் நெடும்பாதை, அது சுற்றி வராது, எங்கோ கொண்டுபோய் விட்டுவிடும். மஞ்சளுக்குக் கீழே சிவப்பு என்றால் ஒரு வட்டாரத்தைச் சுற்றும் நெடும்பாதை. பெருக்கல் குறி போட்டிருந்தால் இது உங்கள் வழி இல்லை. முக்கோணத்தின் பக்கத்தில் இரண்டு வட்டம் மலைச்சைக்கிள்காரர்களுக்கு, ஆரஞ்சு நிறம் குதிரைக்காரர்களுக்கு. அவசரத்தில் இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு போய் 3 கி.மீ. கூடுதலாக ஓடுவது சகஜம். கடைசிக் குறியைப் பார்த்து 300 மீட்டர் தாண்டியும் அடுத்தது வரவில்லையென்றால், முன்னால் போய்த் தேடாதீர்கள். திரும்பிவந்து சந்திப்பில் தேடுங்கள்.

களிமண்ணைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். இரண்டு பக்கமும் வேலிமரம் மூடிய தாழ்ந்த பள்ளப்பாதைகளில் வெயில் விழாது. மழை விட்டு மூன்று நான்கு நாள் கழித்தும் ஈரம் நிற்கும். டிராக்டர் சக்கரம் கிழித்த இரண்டு சால், நடுவில் புல் மேடு. சாலில் கால் வைத்தால் அடிப்பாகத்தில் மண் அப்பி, பத்து அடிக்குள் ஷூ ஒன்றரை மடங்கு கனக்கும். கணுக்கால் பிசகுவது அந்தக் கனத்தில்தான். நடு மேட்டில் ஓடுங்கள், அடியை எட்டிப் போடாமல் சின்னதாக வையுங்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை அடிப்பாகத்துப் புடைப்பு 4 மி.மீ.க்குக் குறையாத ஷூ வேண்டும். திராட்சைச் சரிவுகள் சுண்ணாம்பும் கல்லும் என்பதால் சீக்கிரம் காயும். மழை வாரத்தில் சுற்றை அந்தப் பக்கம் மாற்றுங்கள். ஆனால் கொடிக்கு மருந்தடிக்கும் மே முதல் ஜூலை வரை, வரிசைக்கு மேலே கவட்டைபோல் நிற்கும் உயர டிராக்டர் தெரிந்தால் காற்று அடித்து வரும் பக்கமாக விலகிப் போங்கள்.

மேய்ச்சல் நிலத்தைக் கடக்கும்போது கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் புகாதீர்கள். ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். மின்வேலிக்குப் பிளாஸ்டிக் கைப்பிடி வைத்த கொக்கி இருக்கும். அதைக் கழற்றி, தாண்டி, திரும்ப மாட்டாமல் நகராதீர்கள்.

ரோட்டில்

இரண்டு கிளைகளை இணைக்க ஒரு கிலோமீட்டராவது ரோட்டில் ஓட வேண்டிவரும். பிரான்ஸில் வண்டி வலப்பக்கம் போகும். அதனால் நீங்கள் இடப்பக்கம், வண்டியைப் பார்த்தபடி. இந்தியாவிலோ இலங்கையிலோ பிரிட்டனிலோ ஓடிப் பழகியவர்களுக்குக் கால் தானாக வலப்பக்கம் போகும். களைத்த பிறகு இன்னும் அதிகமாகப் போகும். இடப்பக்கம் மறைவான வளைவு வந்தால் மட்டும், முன்கூட்டியே எதிர்ப்பக்கம் மாறி வளைவைத் தாண்டித் திரும்புங்கள்.

தண்ணீர், நேரம், துப்பாக்கி

கிராமத்தில் கடை இருக்குமென்று எண்ணாதீர்கள். இருந்தாலும் மதியம் 12 மணியிலிருந்து 2 மணிவரையாவது மூடியிருக்கும். பல ரொட்டிக்கடைகளுக்குத் திங்கள் விடுமுறை. ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டர் என்று கையிலேயே கொண்டுபோங்கள். நிரப்ப நம்பகமான இடம் கல்லறைத் தோட்டம். பூச்செடிக்கு ஊற்றக் குழாய் வைத்திருப்பார்கள். "ஓ பொத்தாப்ள்" என்றால் குடிக்கலாம்; நடுவில் "நோன்" இருந்தால் தலையில் ஊற்றிக்கொள்ள மட்டும். உறைபனிக் காலத்தில் குழாயை அடைத்திருப்பார்கள். பழைய துணிதுவைக்கும் தொட்டியில் ஓடும் தெளிந்த நீர் ஆசை காட்டும், குடிக்காதீர்கள்.

ஜூனில் காலை 6 மணிக்கெல்லாம் வெளிச்சம், இரவு ஒன்பதரை வரை இருட்டாது. டிசம்பரில் எட்டேகாலுக்குத்தான் சூரியன் வரும், ஐந்துக்குள் போய்விடும்.

செப்டம்பரிலிருந்து பிப்ரவரி இறுதி வரை வேட்டைக் காலம். காட்டுப்பன்றிக்கும் மானுக்கும் கூட்டமாக வளைத்து வேட்டை நடக்கும், வார இறுதியில் அதிகம். "ஷாஸ் ஆங் கூர்" (வேட்டை நடக்கிறது) என்ற பலகை பாதை முகப்பில் இருந்தால் உள்ளே போகாதீர்கள். முதுகெலும்புக்குத் திரும்பி அன்றைய ஓட்டத்தை அங்கேயே முடியுங்கள். இந்த மாதங்களில் கறுப்பும் பழுப்பும் வேண்டாம், ஆரஞ்சு மேல்சட்டை போடுங்கள்.

பள்ளத்தாக்குகளில் போன் சிக்னல் விட்டுவிட்டு வரும். வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். அவசர எண் 112. பேசும்போது ஊர்ப் பெயர் மட்டும் போதாது. வரைபடத்தில் ஒவ்வொரு தனிப்பண்ணைக்கும் மேட்டுக்கும் சிறிய எழுத்தில் ஒரு பெயர் இருக்கும், அதைச் சொன்னால் வண்டி நேராக வரும்.

குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, தொடை இடுக்கு, இடுப்புப்பட்டைக் கோடு மூன்றையும் தடவிப் பாருங்கள். உண்ணி கடித்திருந்தால் எண்ணெயோ நெருப்போ வைக்காதீர்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் கொக்கியை அதன் அடியில் நுழைத்துச் சுழற்றி எடுங்கள். கடித்த தேதியைக் குறித்துவையுங்கள். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் பரவினால் லைம் நோயாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.