உபுண்டு அப்டேட்டுக்குப் பிறகு திரை கருப்பாகவே நின்றால்

என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும் லேப்டாப்பில் உபுண்டு ஓட்டுபவர்களுக்கு இது பழகிய தொல்லை: அப்டேட் முடியும், ரீஸ்டார்ட் ஆகும், லோகோ வரும், அப்புறம் வெறும் இருட்டு. உடனே பென்டிரைவைத் தேடி எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக இன்ஸ்டால் செய்ய உட்காராதீர்கள். பெரும்பாலும் உங்கள் ஃபைல்கள் பத்திரமாகவே இருக்கும், படம் மட்டும்தான் வரவில்லை.

முதலில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்து மட்டும் உள்ள லாகின் வந்தால் உள்ளே சிஸ்டம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, கோளாறு டிரைவரிலோ (கார்டை இயக்கும் மென்பொருள்) டெஸ்க்டாப்பிலோ என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து ரீஸ்டார்ட். நிறுவனத்தின் லோகோ மறையும் நேரத்தில் எஸ்கேப்பை ஒரே ஒரு முறை தட்டுங்கள், பழைய பயாஸ் கணினி என்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடியுங்கள், எதை பூட் செய்வது என்று கேட்கும் கிரப் மெனு வரும் (பதற்றத்தில் எஸ்கேப்பை விடாமல் தட்டினால் கிரப்பின் கட்டளை வரியில் போய் நிற்கும்). அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் போய் முந்தைய கெர்னலை (சிஸ்டத்தின் மையப் பகுதி) தேர்ந்தெடுங்கள். படம் வந்துவிட்டதா? அப்படியானால் புது கெர்னலுக்கான என்விடியா மாட்யூல் (கெர்னலுக்குள் ஏறும் டிரைவர் பகுதி) சரியாக அமையவில்லை என்றே சந்தேகிக்கலாம், ஒவ்வொரு கெர்னலுக்கும் அது தனித்தனியாக வேண்டும், கெர்னல் மாறும்போது மாட்யூலைத் தானாக உருவாக்கும் டிகேஎம்எஸ் வழியாகப் போட்டிருந்தால் அந்த கெர்னலின் ஹெடர்ஸ் பேக்கேஜ் இல்லாமல் மாட்யூல் உருவாகாது.

பழைய கெர்னலிலும் இருட்டுதானா? கிரப் மெனுவில் உபுண்டு வரியின் மேல் நின்று ஆங்கில 'ஈ' எழுத்தை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஒரு இடைவெளி விட்டு நோமோடுசெட் (nomodeset) என்று ஆங்கிலத்தில் சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். திரை மங்கலாக, மந்தமாக வரும். பரவாயில்லை, உள்ளே நுழைவதற்கு மட்டும்தான் இது, அடுத்த பூட்டில் தானாகப் போய்விடும். நிரந்தரமாக இப்படியே ஓட்டச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

உள்ளே போனதும் அடிஷனல் டிரைவர்ஸ் என்ற ஆப்பைத் திறந்து, டெஸ்டட் என்று குறித்திருக்கும் டிரைவரைப் போடுங்கள். செக்யூர் பூட் (கையொப்பமில்லாத மென்பொருளை பூட்டில் தடுக்கும் பாதுகாப்பு) ஆன் செய்திருந்து, ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொன்னால் அதை மறக்காதீர்கள். அடுத்த பூட்டில் நீலத் திரை ஒன்று சில நொடிகள் மட்டும் நிற்கும், அதில் என்ரோல் மோக் கொடுத்து அதே பாஸ்வேர்டை அடிக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் கெர்னல் அந்த மாட்யூலை ஏற்காது, மறுபடியும் பழைய கதைதான்.

பாஸ்வேர்டு அடித்ததும் லாகின் திரைக்கே திரும்பித் தள்ளுகிறதென்றால் அது வேறு விஷயம், டிரைவரைத் தொடும் முன் டிஸ்க் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். உபுண்டு 24.04 என்றால் லாகின் திரையின் மூலையில் உள்ள பல்சக்கரத்தில் எக்ஸார்க் (திரையைக் காட்டும் பழைய முறை) செஷனுக்கு மாறியும் பார்க்கலாம், 25.10 முதல் அந்த வசதி இல்லை.