எதற்காக ஸ்தோத்திரம்? நன்றி சொல்வதில் நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அன்பின் பரலோகப் பிதாவே, இந்த நல்ல வேளைக்காக உமக்கு ஸ்தோத்திரம்" என்றுதான் நம் வீட்டு ஜெபங்களில் பல தொடங்குகின்றன. அடுத்த மூச்சிலேயே விண்ணப்பங்கள் வந்துவிடும். மகனுக்கு வேலை, மகளுக்கு வரன், அப்பாவுக்குச் சர்க்கரை குறைய வேண்டும், வீட்டுக் கடன் அடைய வேண்டும். கேட்பதில் குற்றமே இல்லை. கேளுங்கள் என்று சொன்னவரே அவர்தான். ஆனால் போன மாதம் இதேபோல் அழுது கேட்டது கிடைத்திருக்குமே, அது இந்த ஜெபத்தில் எங்கே போனது? குழந்தையின் காய்ச்சல் இறங்கியது, தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடந்த சான்றிதழ் கைக்கு வந்தது, இவற்றையெல்லாம் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. "நல்ல வேளை" என்பதிலேயே எல்லாம் அடங்கிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

இப்படிப் பொத்தாம்பொதுவாக நன்றி சொல்வதைத்தான் முதல் தவறு என்பேன். மற்ற தவறுகளில் பல இதிலிருந்தே கிளைக்கின்றன. 103ஆம் சங்கீதத்தில் "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்று தன் ஆத்துமாவுக்குச் சொல்லும் தாவீது அதோடு நிறுத்தவில்லை. அக்கிரமங்களை மன்னித்தது, நோய்களைக் குணமாக்கியது, பிராணனை அழிவுக்கு விலக்கி மீட்டது என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். 136ஆம் சங்கீதம் இன்னும் விவரமாகப் போகிறது. செங்கடல், வனாந்தரம், சீகோன், ஓக் என்று ராஜாக்களின் பெயரைக்கூட விடாமல் சொல்லி, கடைசியில் எல்லா உயிருக்கும் ஆகாரம் கொடுக்கிறவர் என்று அன்றாடச் சோற்றில் வந்து நிற்கிறது. ஆயிரம் ஸ்தோத்திரங்களை அச்சிட்ட புத்தகத்தைப் பார்த்து வாசிக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. வாசியுங்கள், நல்லதுதான். ஆனால் உங்கள் வீட்டில் சென்ற வெள்ளிக்கிழமை நடந்தது அந்த ஆயிரத்தில் இருக்காது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நினைவு நிற்க வேண்டுமானால் எழுதி வைக்க வேண்டும். முன்பெல்லாம் குடும்ப வேதாகமத்தின் முன்பக்க வெற்றுத்தாள்களில் பிறப்பு, ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம், மரணம் எல்லாவற்றையும் தேதியோடு குறித்து வைப்பார்கள். என் பாட்டியின் வேதாகமத்தில் அந்த வரிகளுக்கு நடுவே "கிணற்றில் தண்ணீர் வந்தது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று பென்சிலில் ஒரு வரி இருக்கிறது. பேரப்பிள்ளைகளின் பிறந்த தேதிக்குக் கொடுத்த அதே மதிப்பை அந்த ஊற்றுக்கும் கொடுத்திருக்கிறார்கள். இஸ்ரவேலர் யோர்தானைக் கடந்த பிறகு நதியின் நடுவிலிருந்து 12 கற்களை எடுத்துவரக் கர்த்தர் சொன்னதும் இதற்காகத்தான். இந்தக் கற்கள் என்ன என்று நாளை பிள்ளைகள் கேட்பார்கள், அப்போது பதில் சொல்ல வேண்டும் என்று யோசுவா 4ஆம் அதிகாரத்தில் காரணம் தெளிவாகவே இருக்கிறது. இன்று ஒரு நோட்டுப் போதும். நாளுக்கு ஒரு வரி, தேதி போட்டு.

அடுத்தவர் இழப்பை அளவுகோலாக்குவது

கிடைத்த நன்மையைச் சபையில் எழுந்து சொல்லும் சாட்சி நேரங்களில் இது அடிக்கடி நடக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. "பஸ் கவிழ்ந்து எத்தனையோ பேர் செத்தார்கள், என்னை மட்டும் கர்த்தர் காப்பாற்றினார்." "அந்தத் தெருவில் எல்லார் வீட்டிலும் தண்ணீர் புகுந்தது, நம் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது." சொல்பவரின் நன்றி உண்மையானது, அதைச் சந்தேகிக்க மாட்டேன். ஆனால் அதே சபையில், அதே பாயில், அந்த பஸ்ஸில் தம்பியைப் பறிகொடுத்த ஒருவர் உட்கார்ந்திருக்கலாம். அவர் காதில் அந்தச் சாட்சி எப்படி விழும்? என் தம்பியைக் கர்த்தர் ஏன் கைவிட்டார் என்ற கேள்வியோடு அவர் வீட்டுக்குப் போவார்.

லூக்கா 18இல் வரும் பரிசேயனும் (வேதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட யூதப் பிரிவினன்) நன்றிதான் சொன்னான். "மற்ற மனுஷரைப்போலவும், இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால்" என்பதுதான் அவன் ஸ்தோத்திரத்தின் காரணம். ஆயக்காரன் என்றால் வரி வசூலிப்பவன். அடுத்தவனைக் கீழே தள்ளாமல் அவனால் ஆண்டவருக்கு நன்றி சொல்ல முடியவில்லை. நம் சாட்சியில் அந்த ஆணவம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஒப்பிட்டுப் பேசும் பழக்கம் இருக்கிறது. பிள்ளைகளுக்கும் இதையே கற்றுக்கொடுக்கிறோம். "சாப்பாடு இல்லாமல் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள், நீ நன்றி சொல்லிச் சாப்பிடு" என்கிறோம். பசியோடிருக்கும் பிள்ளையை நினைத்தால் பிள்ளைக்கு இரக்கம் வர வேண்டும், பகிர்ந்துகொடுக்க மனம் வர வேண்டும். தப்பித்தோம் என்ற நிம்மதியை அதில் கற்றுக்கொடுக்கக் கூடாது. எனக்குக் கிடைத்தது இது, இதற்காக ஸ்தோத்திரம் என்று சொல்லி முடித்துக்கொள்ளலாம். விபத்தில் தப்பியவர், இறந்தவர்களின் குடும்பங்களுக்காக ஜெபித்துவிட்டுத் தன் நன்றியைச் சொன்னால், அதே சாட்சி யாரையும் குத்தாது.

அழுகிறவரை நன்றி சொல்ல வைப்பது

துக்க வீட்டில் முற்றத்துப் பந்தலின் கீழே, பிள்ளையை இழந்த தாயிடம் போய், "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள் என்றிருக்கிறதம்மா, அழாதீர்கள்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வசனம் சரி. அதை அந்த இடத்தில் எடுத்தது மிகப் பெரிய தவறு. இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

யோவான் 11ஐத் திறந்து பாருங்கள். லாசருவின் கல்லறையில் "பிதாவே, நீர் எனக்குச் செவிகொடுத்தபடியினால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்று இயேசு சொல்வது 41ஆம் வசனம். அதற்கு முன்பே, 35ஆம் வசனத்தில், இயேசு கண்ணீர் விட்டார். சில நிமிடங்களில் லாசரு எழுந்து வரப்போகிறான் என்று அறிந்திருந்தவரே அழுதார். "நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்று லாசருவின் சகோதரி மரியாள் குறைப்பட்டபோது, முதலில் ஸ்தோத்திரம் சொல் என்று அவளைத் திருத்தவில்லை. ஸ்தோத்திரத்தைத் தாமே ஏறெடுத்தார். அவள் வாயில் அதைத் திணிக்கவில்லை. துக்க வீட்டுக்குப் போகும் நமக்கு இதைவிடத் தெளிவான வழி வேண்டியதில்லை. அழுகிறவர்களுடனே அழுங்கள் என்று பவுல் எழுதியதும் இதே வேதாகமத்தில்தான் இருக்கிறது.

நம் வீட்டு வாசல்களில் பொறித்திருக்கும் எபெனேசர் என்ற பெயரையும் இங்கே நினைக்க வேண்டும். "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவி செய்தார்" என்று சொல்லி, சாமுவேல் ஒரு கல்லை நாட்டி அதற்கு அந்தப் பெயரிட்டது 1 சாமுவேல் 7இல். மூன்று அதிகாரம் பின்னோக்கி, 4ஆம் அதிகாரத்துக்குப் போனால், இஸ்ரவேலர் பாளயமிறங்கித் தோற்ற இடத்துக்கும் எபெனேசர் என்றே பெயர். 30,000 காலாட்கள் விழுந்தார்கள், உடன்படிக்கைப் பெட்டியே பறிபோனது. அந்தத் தோல்வியையும் அதன் பின் வந்த 20 வருஷப் புலம்பலையும் வேதாகமம் மறைக்காமல் எழுதி வைத்துவிட்டுத்தான் கல் நாட்டியதைச் சொல்கிறது. ஆகவே உங்கள் நோட்டிலும் கஷ்டமான நாட்களுக்கு இடம் கொடுங்கள். நன்றி எழுத வராத நாளில் நடந்ததை மட்டும் எழுதுங்கள், போதும்.

கொண்டுவந்து கொடுத்த கைகளை மறப்பது

"டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள், கர்த்தர் பிழைக்க வைத்தார்" என்று பலமுறை கேட்டிருப்போம். பிழைக்க வைத்தவர் கர்த்தரே. ஆனால் இரவெல்லாம் அரை மணிக்கு ஒருமுறை வந்து ரத்த அழுத்தம் பார்த்த செவிலியர் யார்? வேறு பிரிவில் படுத்திருந்த தன் மாமாவைப் பார்க்க வந்து, அறிவிப்பைக் கேட்டுக் கையை நீட்டி ரத்தம் கொடுத்துவிட்டுப் போன பையன் யார்? அவன் பெயரைக் கேட்டு வைத்தவர்கள் எத்தனை பேர்? மனிதருக்கு நன்றி சொன்னால் கர்த்தரின் மகிமை குறைந்துவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். பவுலுக்கு அந்த அச்சம் இல்லை. ரோமர் 16இல் பிரிஸ்கில்லாளையும் ஆக்கில்லாவையும் பெயர் சொல்லி, தன் பிராணனுக்காகத் தங்கள் கழுத்தைக் கொடுத்தவர்கள் என்று எழுதுகிறார். தான் மட்டுமல்ல, புறஜாதியாரின் சபைகள் எல்லாமே அவர்களுக்கு நன்றியுள்ளவை என்கிறார். பிலிப்பியர் அனுப்பிய உதவியை எப்பாப்பிரோதீத்து கையால் பெற்றுக்கொண்டதையும் எழுதி வைக்கிறார்.

அறுப்பின் பண்டிகையில் இது இன்னொரு விதமாக நடக்கிறது. வாழைக்குலை, தேங்காய், பூசணி, நாட்டுக்கோழி என்று ஆலயத்தின் முன்பகுதி நிறைந்திருக்கும். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஒரே ஒரு முட்டை ஐம்பது, நூறு, ஐந்நூறு என்று ஏறிக்கொண்டே போகும். சேகரத்துக்கு (சபைகளின் தொகுப்புக்கு) பணம் சேர்வதும் சபை சிரித்து மகிழ்வதும் நல்லதே. ஆனால் ஐந்நூறுக்கு எடுத்தவர் பெயர்தான் மைக்கில் வருகிறது. வளர்த்த கோழி இட்டதில் ஒன்றை எடுத்து, கழுவித் துடைத்து, முந்தானையில் பொதிந்து கொண்டுவந்த அம்மாவின் பெயர் வருவதில்லை. ஏலம் கூறுகிறவர் ஒரு வார்த்தை சேர்த்தால் போதும்: "இது இன்னார் வீட்டு முட்டை."

இன்னும் சில

நன்றியை முன்பணமாக ஆக்குவது. இதை இவ்வளவு ஸ்தோத்திரித்தால் அது கிடைக்கும் என்ற கணக்கு. அது நன்றியே அல்ல, பேரம். விவரிக்கத் தேவையில்லை.

ஆலயத்துக்குப் போனதே போதும் என்று இருப்பது. லூக்கா 17இல் இயேசு குணமாக்கிய பத்துக் குஷ்டரோகிகளில், நன்றி சொல்லத் திரும்பி வராத ஒன்பது பேரும் தப்பான இடத்துக்குப் போகவில்லை. ஆசாரியரிடம் காண்பியுங்கள் என்று இயேசு சொன்ன வழியில்தான் போய்க்கொண்டிருந்தார்கள். சமாரியன் மட்டும் நடுவழியில் நின்று திரும்பினான். ஆராதனையிலிருந்து ஆராதனைக்கு ஓடும் நமக்கும் நடுவில் நிற்கத் தெரிய வேண்டும்.

தள்ளிப்போடுவது. வீடு கட்டி முடியட்டும், டிசம்பர் 31 இரவு ஆராதனை வரட்டும், அப்போது சேர்த்துச் சொல்லுவோம் என்கிறோம். லேவியராகமம் 7இல், பொருத்தனை பலியின் (நேர்ந்துகொண்டு செலுத்தும் பலியின்) மாம்சத்தை மறுநாளும் புசிக்க அனுமதி இருக்கிறது. ஸ்தோத்திர பலிக்கு அந்தச் சலுகை இல்லை. செலுத்திய அன்றே புசிக்க வேண்டும், விடியும்வரை மீதி வைக்கக் கூடாது. இந்தச் சட்டத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். ஒரு மாட்டை ஒரு குடும்பம் ஒரே நாளில் தின்று முடிக்க முடியாது. அக்கம்பக்கத்தாரை அழைத்தே தீர வேண்டும். நன்றி சொல்ல வந்தவன் அன்றைக்கே பந்தி வைக்க வேண்டியவனாகிவிடுகிறான். நல்ல செய்தி வந்த அன்றே பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் பாயசம் போவதும் இந்த வழியில் நடப்பதுதான்.

சாப்பாட்டு ஜெபத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உணவுக்கு முன் ஜெபிக்க நாம் பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறோம். "நீ புசித்துத் திருப்தியடைந்திருக்கையில்" ஸ்தோத்திரிக்கச் சொல்கிறது உபாகமம் 8:10. யூதர் இன்றும் உணவுக்குப் பிறகு ஜெபிப்பது இந்த வசனத்தை ஒட்டியே. வயிறு நிறைந்த பிறகுதான் "என் சாமர்த்தியமும் என் கைப்பெலனும்" என்ற எண்ணம் வரும் என்று அதே அதிகாரம் எச்சரிக்கிறது. இரவுச் சாப்பாடு முடிந்ததும், கை கழுவ எழுமுன், ஆளுக்கு ஒன்றாக அன்றைய நாளில் கிடைத்ததைச் சொல்லச் சொல்லுங்கள். சமைத்தவருக்கு அப்போதே நேரில் நன்றி சொல்லுங்கள். ஆறு வயதுப் பிள்ளை, ஸ்கூலில் மிஸ் வராததற்கு ஸ்தோத்திரம் என்று சொன்னால் திருத்தாதீர்கள். அந்தப் பிள்ளையாவது எதற்காக என்று சொல்லியிருக்கிறது.