குட்டி நாய் கழிகிறதா? டின் பாலை எடுத்து உள்ளே வையுங்கள்

சுங்கை சிப்புட் பக்கம் லயத்து வீடுகளில் நாய்க்குட்டி கழிய ஆரம்பித்தால் போதும், வைத்தியம் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்தே வந்துவிடும். "கொஞ்சம் டின் பால் கலக்கி ஊத்துங்க தம்பி, தெம்பு வந்துடும்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. மூன்று மாதக் கருப்பனுக்கு நானும் ஊற்றினேன். சாயங்காலத்துக்குள் இன்னும் ஐந்து தடவை போனான். பாலில் உள்ள சர்க்கரை பல நாய்களுக்குச் செரிக்காது. செரிக்காமல் தங்கியது குடலுக்குள் தண்ணீரை இழுத்து, கழிச்சலைக் கூட்டிவிடும்.

அதைவிடப் பெரிய தவறு, "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விடுவது. குட்டி ஓடியாடிக்கொண்டு, தட்டுச் சத்தம் கேட்டதும் ஓடி வந்து, மலம் மட்டும் இளகிப் போனால் ஒரு நாள் பொறுக்கலாம். கழிச்சலோடு சாப்பாட்டையும் மோந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்தால் பொறுக்கக் கூடாது. வாந்தியோ ரத்தமோ சேர்ந்தால், குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸாக இருக்கலாம். அப்போது ஓரிரு நாளிலேயே நிலைமை கைமீறும். "ஒரு தடுப்பூசி போட்டாச்சே" என்று நம்ப வேண்டாம். 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வார இடைவெளியில், 16 வாரம் ஆகும்வரை போட்டால்தான் பாதுகாப்பு.

கருப்பன் விஷயத்தில் என்னைக் கிளப்பியது அவன் ஈறுதான். உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு வெளிறிப்போய், தொட்டால் விரலில் ஒட்டியது. அழுத்தி எடுத்த இடத்தில் நிறம் திரும்ப 2 விநாடிக்கு மேல் ஆனால் உடம்பில் ரத்த ஓட்டம் குறைகிறது என்று அர்த்தம். கருப்பு நாய்க்கு ஈறும் கருப்பாக இருந்தால் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். அவனுக்கு வந்தது கொக்கிப்புழு. குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். பூச்சி மருந்து ஒரு தடவை கொடுத்துவிட்டு மறந்திருந்தேன். பிறந்த 2 வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அப்புறம் 6 மாதம் வரை மாதாமாதம் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் திட்டாத குறையாகச் சொன்னார்.

"வயிறு காயட்டும்" என்று பட்டினி போடுவதும் வேண்டாம். வளர்ந்த நாய் தாங்கும்; குட்டிக்கு ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். தோல், எலும்பு இல்லாமல் உப்புக் காரமின்றி அவித்த கோழியைக் குழைந்த சோற்றில் பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து வேளை கொடுக்கலாம். மீந்துபோன நாசி லெமாக் வேண்டவே வேண்டாம். சம்பலில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். குடிக்க மறுக்கும் குட்டியின் வாயைத் திறந்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

காய்ச்சலுக்கு நாம் போடும் பனாடால் கொடுக்கவே கூடாது. பேதியை நிறுத்த நமக்கு வாங்கி வைத்த மாத்திரையும் அப்படித்தான். வெளியேற வேண்டிய கிருமியை உள்ளேயே அடைத்து வைக்கும்.

டாக்டரிடம் போகும்போது மலத்தில் கொஞ்சம் பிளாஸ்டிக் பையில் எடுத்துப் போங்கள், அருவருப்பு பார்க்காதீர்கள். செம்பனைக் காட்டுப் பக்கம் சுற்றிய குட்டி என்றால் அதையும் சொல்லுங்கள். மரத்தடியில் வைக்கிற எலி மருந்தைக் கடித்திருந்தால் சில நாள் கழித்துத்தான் தெரியும். அதற்கு மாற்று மருந்தே வேறு.

பார்வோவில் ஒரு குட்டியைப் பறிகொடுத்த வீட்டில், அதே சாக்கில் அடுத்த குட்டியைப் படுக்க வைப்பார்கள். அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். சாக்கை எரித்துவிட்டு, சிமென்ட் தரையைச் சோப்புப் போட்டுக் கழுவி, 30 பங்கு தண்ணீருக்கு 1 பங்கு குளோராக்ஸ் ப்ளீச் கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஊறவிடுங்கள். மண்தரையை அப்படிச் சுத்தம் செய்ய முடியாது. ஊசி எல்லாம் போட்டு முடிந்த நாயாகப் பார்த்து அடுத்ததைக் கொண்டுவாருங்கள்.