1060-ஆ, 580-ஆ? பழைய கிராஃபிக்ஸ் கார்ட் ஒப்பிடும்போது நாம் விடும் பிழைகள்

கச்சான் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வீசிய ஒரு ஜூலைப் பின்னேரம். திருகோணமலை உப்புவெளியில் பெரியம்மா வீட்டு முன் அறையில், பெரியம்மாவின் கடைசி மகன் கொழும்பிலிருந்து வந்த ஆர்எக்ஸ் 580 கார்ட்டைப் பூட்டி முடித்திருந்தான். வலோரன்ட் கேம் ஓடியது. "அண்ணா, பாருங்கோ, எவ்வளவு வடிவாப் போகுது!" என்று கதிரையைத் திருப்பிக் காட்டினான். இரண்டு மாதமாக அவனும் கிண்ணியாவில் இருக்கும் அவனுடைய கூட்டாளியும் எந்தக் கார்ட் நல்லது என்று வோட்ஸ்அப்பில் சண்டை பிடித்திருந்தார்கள். கூட்டாளி ஜிடிஎக்ஸ் 1060 வாங்கினான், இவன் 580.

நான் கார்ட்டின் உள் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்தேன். படத்தைக் கணக்கிடும் சின்னக் கோர்களின் எண்ணிக்கையைக் காட்டும் ஷேடர்ஸ் என்ற வரியில் 2048 என்று இருந்தது. உண்மையான ஆர்எக்ஸ் 580-இல் அந்த இடத்தில் 2304 இருக்க வேண்டும். அவனுக்கு வந்திருந்தது 2018 அக்டோபரில் சீனச் சந்தைக்கென்று வந்த 2048எஸ்பி என்ற வகை. பெயர் 580, உள்ளே இருப்பது கிட்டத்தட்ட ஆர்எக்ஸ் 570. விளம்பரத்தில் "ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி" என்று மட்டும்தான் இருந்தது. இரண்டு மாதம் அவன் படித்த அட்டவணைகளெல்லாம் வேறொரு கார்ட்டைப் பற்றியவை.

பழைய கார்ட் வாங்கும்போது நடக்கும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. நாம் இரண்டு பெயர்களை ஒப்பிடுகிறோம். ஆனால் வீட்டுக்கு வருவது ஒரு குறிப்பிட்ட துண்டு. எட்டு, ஒன்பது வருடம் யாரோ பாவித்தது, நம்முடைய பெட்டிக்குள் நம்முடைய வெயிலில் ஓடப்போவது.

முதலில் பெயர்ப்பலகைக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1060 வந்தது 2016 ஜூலையில். 6 ஜிபி வகையில் 1280 கோர், 192 பிட் மெமரி, மின்தேவை 120 வாட். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580 வந்தது 2017 ஏப்ரலில். 2304 ஷேடர், 256 பிட் மெமரி, 185 வாட். இரண்டு நிறுவனங்களின் கோர் எண்ணிக்கையை நேருக்கு நேர் வைத்துப் பார்க்காதீர்கள். கட்டமைப்பு வேறு, அதனால் 2304 என்பது 1280-இன் இருமடங்குக்குக் கிட்ட வேகம் தராது. 1080பி (1920x1080) ரெசொலூஷனில் இரண்டும் தோளோடு தோள் உரசிக்கொண்டுதான் போகும். டைரக்ட்எக்ஸ், வல்கன் என்பவை கேம் கார்ட்டோடு பேசும் முறைகள். பழைய டைரக்ட்எக்ஸ் 11 கேம்களில் 1060 கொஞ்சம் முந்தும், டைரக்ட்எக்ஸ் 12, வல்கன் கேம்களில் 580 முந்தும். புதிய கேம்களில் 8 ஜிபி மெமரி 580-க்குக் கை கொடுக்கும். வேகத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். செக்கனுக்கு ஆறு ஃபிரேம் (படம்) கூடவா குறையவா என்று மாதக்கணக்கில் மண்டையை உடைக்க அதில் ஒன்றுமில்லை, அதுவும் மொனிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால்.

சரி, பெயர்ப் பிழைக்கு வருவோம். 1060-இலும் இதே வலை இருக்கிறது. 3 ஜிபி 1060 என்பது மெமரி குறைந்த அதே கார்ட் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் கோரும் 1152 தான். 3 ஜிபி இன்றைக்கு ஒன்றுக்கும் காணாது. கேமின் டெக்ஸ்சர்கள் (பரப்புகளுக்கான படங்கள்) கார்ட் மெமரியில் அடங்காவிட்டால் மிச்சம் கணினியின் ராமிலிருந்து வந்து போக வேண்டும். அந்த வழி மெதுவானது. சராசரி 60 ஃபிரேம் என்று எழுதியிருக்கும், ஆனால் மூலையில் திரும்பும் ஒவ்வொரு முறையும் படம் திக்கித் திக்கி நிற்கும். அதனால் சராசரியை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், ஒப்பீடுகளில் "1% லோ" (மிக மெதுவான ஒரு வீத ஃபிரேம்களின் வேகம்) என்று போட்டிருக்கும் எண்ணையும் பாருங்கள். திக்கல் அங்கேதான் தெரியும். 580-இலும் 4 ஜிபி வகை உண்டு. இரண்டுக்கும் விலை வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் 8 ஜிபியையே எடுங்கள்.

இன்னும் மோசமானது முழுப் போலி. என்விடியாவின் பழைய ஃபெர்மி காலத்துக் கார்ட்டின் பயோஸை (கார்ட்டுக்குள் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றி எழுதி, 1060 என்று பெயர் காட்ட வைத்து விற்பார்கள். விண்டோஸும் அதை நம்பி 1060 என்றே காட்டும். ஜிபியு-இசட்டின் புதிய பதிப்பு, சந்தேகமான என்விடியா கார்ட்டின் பெயருக்கு முன்னால் போலி என்று குறி போட்டுவிடும். காசு அனுப்புவதற்கு முன் விற்பவரிடம் கேளுங்கள்: "அண்ணா, இந்தக் கார்ட்டோட ஜிபியு-இசட் திரையை ஒருக்கா போட்டோ எடுத்து அனுப்பேலுமா? பக்கத்தில இண்டைய திகதியை ஒரு பேப்பரில எழுதி வையுங்கோ." உண்மையாக விற்பவர் இரண்டு நிமிடத்தில் அனுப்புவார். சாட்டுச் சொல்லி இழுத்தால் அந்தக் கார்ட்டை விட்டுவிடுங்கள்.

அடுத்த பிழை, யாரோ ஒருவருடைய கணினியில் எடுத்த எண்ணை நம் கணினிக்கும் எதிர்பார்ப்பது. பரிசோதனை செய்பவர்கள் கார்ட்டின் முழு வலுவைக் காட்ட அந்தக் காலத்தின் மிக வேகமான பிராசஸரைப் போடுவார்கள். அது அவர்கள் வேலைக்குச் சரியான முறை. திருகோணமலையில் நான் திறந்து பார்த்த கேமிங் பெட்டிகளில் பாதிக்கு மேல், அலுவலகத்தில் பாவித்துக் கழித்த டெல் அல்லது ஹெச்பி. உள்ளே மூன்றாம், நான்காம் தலைமுறை ஐ5, ஒரேயொரு 8 ஜிபி ராம். அதில் வலோரன்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரியான கேம்களில் 1060 போட்டாலும் 580 போட்டாலும் ஏறக்குறைய ஒரே எண்தான் வரும். ஏனென்றால் பிராசஸர்தான் கழுத்தைப் பிடித்து வைத்திருக்கிறது.

உங்கள் பெட்டியில் எது பிடித்து வைத்திருக்கிறது என்று காசு செலவழிக்காமலே அறியலாம். இப்போது இருக்கும் கார்ட்டோடு கேமை ஓட்டி ஃபிரேம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ரெசொலூஷனை 720பிக்கு இறக்குங்கள். எண் நன்றாக ஏறினால் கார்ட்தான் பலவீனம், புதுக் கார்ட் உதவும். எண் அசையாவிட்டால் பிராசஸர் அல்லது ராம். அப்படியானால் முதலில் இன்னொரு ராம் வாங்கி, இரண்டும் சேர்ந்து ஓடும் இரட்டைச் சேனலாக்குங்கள். கார்ட்டின் விலையில் சிறு பங்குதான் ஆகும்.

இனி நான் மிகவும் பயப்படும் பிழை, பவர் சப்ளை.

டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 டவரில் வருவது 290 வாட் பவர் சப்ளை. கார்ட்டுக்கான 6 பின் வயரோ 8 பின் வயரோ அதில் இல்லை. ஓர்ஸ் ஹில்லில் தெரிந்த ஒரு வீட்டில் அப்படியான பெட்டிக்கு 580 போட்டிருந்தார்கள். ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பிளக்கிலிருந்து 8 பின்னுக்கு மாற்றும் ஒரு மலிவு வயரைக் கொடுத்து, "இது காணும்" என்று யாரோ சொல்லியிருக்கிறார். மூன்றாம் நாள் கருகல் மணம் வந்து கூப்பிட்டார்கள். நான் கழற்றும்போது சாட்டா பிளக்கின் கறுப்புப் பிளாஸ்டிக் இளகி, வயரோடு நூல் மாதிரி இழுபட்டு வந்தது. அந்த மேசைக்குப் பக்கத்தில்தான் அவர்களுடைய சின்னப்பிள்ளை படுக்கும் பாய்.

கணக்கு எளிது. மதர்போர்ட் சிலொட் கார்ட்டுக்கு 75 வாட் வரை கொடுக்கும். 6 பின் வயர் 75 வாட், 8 பின் 150 வாட். ஆனால் ஒரு சாட்டா பிளக்கின் 12 வோல்ட் பக்கம் தாங்குவது ஏறக்குறைய 54 வாட் மட்டும். 185 வாட் கேட்கும் கார்ட்டுக்கு அந்த வழியாக மின்சாரம் கொடுப்பது நெருப்பை வீட்டுக்குள் கூப்பிடுவது. 1060-இன் பல வகைகளுக்கு ஒரு 6 பின் போதும், பெரும்பாலான 580-க்கு 8 பின் வேண்டும். வயர் இல்லாத பவர் சப்ளை என்றால் இரண்டில் ஒன்று செய்யுங்கள். நல்ல பவர் சப்ளைக்கும் சேர்த்துக் காசு ஒதுக்குங்கள். டெல் போர்டில் பிளக் வேறு மாதிரி என்பதால் அதற்கான மாற்று வயரும் தேவைப்படும். இல்லாவிட்டால் இரண்டு கார்ட்டையும் மறந்துவிட்டு ஜிடிஎக்ஸ் 1050 டிஐ பாருங்கள். அது 75 வாட், பெரும்பாலான வகைகளுக்குத் தனி வயரே வேண்டாம். வேகம் குறைவுதான், ஆனால் அந்தப் பெட்டிக்குப் பொருந்துவது அதுதான். ஒல்லியான பெட்டி என்றால் குட்டைப் பலகை உள்ள வகையாகப் பார்க்க வேண்டும்.

மின்கட்டணத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டுக்கும் இடையில் 65 வாட் வித்தியாசம். நாளுக்கு நாலு மணித்தியாலம் விளையாடினால் மாதம் 7.8 யூனிட். பார்க்கச் சின்னதாக இருக்கும். ஆனால் நம் நாட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதம் 58 யூனிட்டில் நிற்கும் வீடு 60-ஐத் தாண்டினால் நிலையான கட்டணமும் சேர்ந்து கூடும். வீட்டு பில்லை எடுத்து எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். படியின் விளிம்பில் இருக்கும் வீட்டுக்கு 1060 நல்லது என்பது என் கருத்து.

கடற்காற்றை யாரும் ஒப்பீட்டில் சேர்ப்பதில்லை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கரையோர வீடுகளில் கேற்றும் யன்னல் கம்பியும் என்ன பாடுபடுகின்றன என்று நமக்குத் தெரியும். கார்ட்டும் அதே காற்றைத்தான் நாள் முழுக்க உள்ளே இழுக்கிறது. வாங்கும்போது வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பின்பக்கத் தகட்டின் திருகாணியில் துரு, அலுமினியத் தகடுகளில் வெள்ளைப் பொடி, செம்புக் குழாயில் பச்சை, இவை இருந்தால் பலகையின் சின்னக் கால்களிலும் அரிப்பு இருக்கலாம். அப்படியானதை எவ்வளவு மலிவு என்றாலும் நான் எடுக்க மாட்டேன். தூசி வேறு விஷயம், தூசியைத் துடைக்கலாம்.

கிரிப்டோ நாணயம் எடுக்கும் மைனிங்கில் ஓடியதா என்று எல்லாரும் கேட்பார்கள், "இல்லை" என்ற பதிலோடு நிம்மதியாகிவிடுவார்கள். எத்தீரியம் என்ற நாணயம் 2022 செப்டம்பரில் மைனிங் முறையைக் கைவிட்ட பிறகு அப்படியான கார்ட்கள் உலகம் முழுக்கப் பழைய சந்தைக்கு வந்தன. 8 ஜிபி 580 மைனிங்குக்கு விருப்பமான கார்ட். மைனிங்கில் ஓடியதாலேயே கார்ட் செத்துவிடாது. விசிறி தேய்ந்திருக்கும், வெப்பப் பசை காய்ந்திருக்கும், அவற்றை மாற்றலாம். கவனிக்க வேண்டியது மாற்றி எழுதிய பயோஸ். அது இருந்தால் ஏஎம்டி ட்ரைவர் (விண்டோஸ் கார்ட்டை இயக்க உதவும் மென்பொருள்) ஏறாமல் மறுக்கலாம், மெமரியும் கேமில் தடுமாறலாம். அதனால் கேள்வியை மாற்றுங்கள்: "பயோஸ் கொம்பனியில வந்ததுதானா? உங்கட மெஷினில ட்ரைவர் போட்டுக் காட்டேலுமா?"

காட்டும்போது ஐந்து நிமிடத்தோடு விடாதீர்கள். கார்ட் சூடேறி ஒரு நிலைக்கு வரவே பத்து, பதினைந்து நிமிடம் ஆகும். அரை மணித்தியாலம் ஒரு பாரமான கேமை ஓட்டச் சொல்லி, திரையில் புள்ளியோ கோடோ வருகிறதா, வேகம் இறங்குகிறதா, விசிறி கிறீச்சிடுகிறதா என்று பாருங்கள். கொழும்பில் ஏசி போட்ட 24 பாகை அறையில் 72 காட்டும் கார்ட், ஆனி ஆடியில் 34 பாகை இருக்கும் நம் அறையில் 82-ஐத் தொடும் என்று எதிர்பாருங்கள். அந்தப் பத்துப் பாகையை மனதில் கூட்டிக்கொண்டே முடிவெடுங்கள். திருப்பிக் கொடுப்பதென்றால் 260 கிலோமீட்டர் பஸ். அதனால் நம் ஊரிலேயே கையில் எடுத்துப் பார்க்கக் கிடைக்கும் கார்ட்டுக்கு ஆயிரம், இரண்டாயிரம் கூடக் கொடுப்பது நட்டமில்லை.

எவ்வளவு காலத்துக்கு வாங்குகிறோம் என்பதையும் யோசியுங்கள். 1060-இன் பாஸ்கல் தலைமுறைக்குப் புதிய கேம்களுக்கேற்ற ட்ரைவர்கள் 2025 அக்டோபரோடு முடிந்தன, இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை. ஏஎம்டியும் 580-இன் தலைமுறையைப் பிரதான ட்ரைவரிலிருந்து பிரித்துத் தனிக் கிளைக்கு மாற்றிவிட்டது. 2025-இல் வந்த டூம்: த டார்க் ஏஜஸ் மாதிரி ரே ட்ரேசிங் (ஒளி போகும் வழியைக் கணக்கிட்டு வரைதல்) வன்பொருள் கட்டாயமான கேம்கள் இரண்டிலும் ஓடாது. ஜிடிஏ 5, வலோரன்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் விளையாடுபவருக்கு அது கவலையில்லை. வருகிற வருடக் கேம்களுக்காக என்று காசு சேர்ப்பவர் இந்த இரண்டிலும் கை வைக்க வேண்டாம்.

அன்றைக்குப் பெரியம்மா வீட்டிலிருந்தே விற்றவருக்கு அழைத்தோம். குரலை உயர்த்தாமல், திரையைப் படம் பிடித்து அனுப்பி, 2048-க்கும் 2304-க்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னோம். அவர் முதலில் மறுத்தார், பிறகு ஒரு பகுதிக் காசைத் திருப்பிப் போட்டார். கார்ட் நன்றாகத்தான் ஓடியது, அதனால் வைத்துக்கொண்டான். வந்த காசில் இரண்டாவது ராம் போட்டான். "அண்ணா, அப்ப அவன்ட 1060?" என்று கேட்டான். பொழுது படுவதற்குள் பாலம் தாண்டிக் கிண்ணியா போய்ச் சேர்ந்தோம். கூட்டாளியின் அறையில் மூன்று பேரும் திரையைக் குனிந்து பார்த்தோம். 1280, 192 பிட், 6 ஜிபி.