பின்லாந்தின் இரண்டாம் நிலைக் கால்பந்தை ஒரு பருவம் முழுக்கப் பின்தொடர்வது எப்படி

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். 'யுக்கோனென்' என்ற ஃபின்னியச் சொல்லுக்கு 'ஒன்று' என்று பொருள். ஆனால் 2023 வரை அந்தப் பெயரைத் தாங்கியிருந்தது நாட்டின் இரண்டாம் நிலை லீக். 2024-ல் 'யுக்கோஸ்லீகா' என்ற புதிய லீக் இரண்டாம் நிலைக்கு வந்ததும் யுக்கோனென் மூன்றாம் நிலைக்கும், 'இரண்டு' என்று பொருள்படும் கக்கோனென் நான்காம் நிலைக்கும் நகர்ந்தன. ஆகவே ஒரு பழைய செய்தியைப் படிக்கும்போது அதன் ஆண்டைப் பார்க்காமல் ஓர் அணியின் தகுதியை எடைபோடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது வெய்க்காவுஸ்லீகா.

அடுத்து, கழகங்களின் பெயர்கள். அவை பெரும்பாலும் எழுத்துச் சுருக்கங்களாக இருப்பதால் முதல் வாரத்தில் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். சுருக்கத்தின் தொடக்கம் பெரும்பாலும் ஊரையும், மீதி பந்தையோ பந்தாடுபவரையோ கழகத்தையோ குறிக்கும் என்று தெரிந்துவிட்டால் பாதிப் பெயர்கள் தாமாகவே அவிழும். டி.பி.எஸ். என்பது துர்க்கு நகரின் பந்துக் கழகம், சல்பா என்பது சாலோ ஊரின் பந்தாட்டக்காரர்கள், கே.டி.பி. என்பது கோட்கா துறைமுக நகரின் தொழிலாளர் பந்தாட்டக்காரர்கள். ஸ்வீடிஷ் மொழி பேசுவோர் நிறைந்த பியேதர்சாரி ஊரின் அணிக்கு யாரோ என்று பெயர். 'யாரோ வென்றது' என்று தமிழில் எழுதிப் பார்த்தால் சிக்கல் புரியும். என் குறிப்பேட்டில் அதை எப்போதும் 'யாரோ அணி' என்றே எழுதுகிறேன்.

பருவம் ஏப்ரலில் தொடங்கி அக்டோபரில் முடிகிறது. குளிர்காலத்தில் மைதானங்கள் பனியில் மூடிக் கிடப்பதால் இங்கிலாந்து லீக்கைப் போல இரண்டு ஆண்டுகளை இணைத்து எழுதும் வழக்கம் இங்கே இல்லை. 2024 பருவம் என்றால் முழுவதும் 2024-தான். கோடை முழுவதும் பின்லாந்து நேரம் நம் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி பின்தங்கியிருக்கும். அங்கே மாலை 6.30-க்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே இரவு 9 மணிக்கு வரும் என்பதால், ஐரோப்பிய லீக்குகளுக்காக நள்ளிரவு வரை விழித்திருப்பவர்களுக்கு இது ஓர் ஆறுதல். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தைப் பின்னால் திருப்பியதும் இந்த வேறுபாடு மூன்றரை மணியாகிவிடும்.

ஃபின்னியப் புள்ளிப் பட்டியலில் தலைப்புகள் ஒற்றை எழுத்துகளாகவே இருக்கும். அவற்றை ஆங்கிலப் பழக்கத்தில் படித்தால் தவறும். ஓ (O) என்பது ஆடிய ஆட்டங்கள், வே (V) வெற்றி, டே (T) சமன், ஹோ (H) தோல்வி, பே (P) புள்ளிகள். ஹோ எழுத்தைச் சொந்த மைதானம் என்று நினைத்துக்கொண்டு முதல் ஓரிரு வாரங்கள் நான் கணக்கைத் தலைகீழாகப் போட்டதுண்டு. சொந்த மைதானத்துக்கு அவர்கள் சொல் 'கோத்தி', வெளி மைதானத்துக்கு 'வியெராஸ்'.

எண்களைப் படிப்பதிலும் கவனம் தேவை. 2024-ல் 10 அணிகள் ஒவ்வொன்றும் மற்ற ஒன்பதையும் மூன்று முறை சந்தித்து 27 ஆட்டங்கள் ஆடின. மூன்று என்பது ஒற்றைப்படை எண் என்பதால், ஒரே எதிரியை ஓர் அணி இரண்டு முறை சொந்த மைதானத்திலும் ஒரு முறை வெளியிலும் சந்திக்க, இன்னோர் அணிக்கு அது மாறி அமையும். எனவே பருவத்தின் நடுவில் இரண்டு, மூன்று புள்ளி இடைவெளியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், முதலிடத்துக்குப் போட்டியிடும் அணிகள் தமக்குள் ஆட வேண்டிய மூன்றாவது ஆட்டம் யாருடைய ஊரில் நடக்கிறது என்பதை அட்டவணையில் முன்கூட்டியே குறித்து வைப்பது நல்லது. ஆட்ட முறை மாறக்கூடியது என்பதால் ஒவ்வொரு வசந்தத்திலும் பின்லாந்து பந்தாட்டச் சங்கத்தின் விதிகளை ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

முதலிடம் பெறும் அணி நேராக மேலேறும். அதற்கு அடுத்த இடங்களில் உள்ளவை தகுதிச் சுற்றில் மோத வேண்டும். எஸ்.ஜே.கே. அகாதெமியா போன்ற இரண்டாம் அணிகள் எத்தனை வென்றாலும், தாய்க் கழகம் ஆடும் வெய்க்காவுஸ்லீகாவுக்குள் நுழைய முடியாது. பட்டியலைப் படிக்கும்போது அவற்றை மனத்தளவில் தனியே ஒதுக்கி வையுங்கள். மேலேறுவதே முடிவு என்றும் எண்ணிவிட வேண்டாம். கே.டி.பி. 2020, 2022, 2024 ஆகிய மூன்று பருவங்களிலும் இரண்டாம் நிலையின் முதலிடத்தை வென்றது. இடைப்பட்ட 2021, 2023 ஆண்டுகளில் மேல் லீக்கிலிருந்து கீழிறங்கியதால்தான் அது சாத்தியமாயிற்று.

அக்டோபரோடு குறிப்பேட்டை மூடிவிடாதீர்கள். கழகங்களுக்கான உரிமம் ஆடுகளத்தில் அல்ல, கணக்கு வழக்குகளைப் பார்த்து வழங்கப்படுவது. 2023-ல் மேலேறத் தவறிய ஹெல்சிங்கியின் க்னிஸ்தான் அணி, ஹோங்கா கழகத்துக்கு 2024-க்கான உரிமம் கிடைக்காமல் போனதால் அந்த இடத்தைப் பெற்று, ஒரு ஆட்டமும் கூடுதலாக ஆடாமலேயே வெய்க்காவுஸ்லீகாவில் நுழைந்தது.