தனி ஆளாக, பழைய ஒலியில் ஒரு ராக் ஆல்பம்

முதலில் டிரம்ஸ். ஸ்னேர் (வாசிப்பவருக்கு முன்னால் இருக்கும், ‘டப்’ என்று வெடிக்கும் சின்ன டிரம்) மேல் பாதிவரை ஒரு துண்டைப் போடுங்கள். நீளும் அதிர்வு அடங்கி, ‘டப்’ என்று நிற்கும். முழுக்க மூடினால் உயிரே போய்விடும். பீட்டில்ஸின் பிற்காலப் பதிவுகளில் ரிங்கோ ஸ்டாரும் டிரம் மேல் துண்டு போட்டு வாசித்திருக்கிறார். மைக் இரண்டு போதும்: தலைக்கு மேலே ஒன்று, கிக் டிரம் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) முன்னால் ஒன்று.

பேஸ் கிட்டாருக்கு ஃபிளாட்வுண்ட் கம்பி (மேல்சுற்று தட்டையாக, வழவழப்பாக இருக்கும் கம்பி), பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கும் கீழ்முனைப் பாகம்) பக்கம் கொஞ்சம் ஸ்பாஞ்ச். இங்கும் அதிர்வு அடங்கத்தான்.

அப்புறம், டிராக்குகளை (தனித்தனியாகப் பதிவாகும் ஒலி அடுக்குகளை) எட்டோடு நிறுத்துங்கள். 1970-இல் வெளியான முதல் தனி ஆல்பத்துக்காக பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி லண்டன் வீட்டில் நான்கு டிராக் ஸ்டூடர் டேப் இயந்திரத்தில் பதிவு செய்தார். ஒலிகளைக் கலக்கும் மிக்ஸர்கூட இல்லை, மைக்கை நேரே அதில் செருகினார்.

குரலை இரண்டு முறை பாடி ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். சுருதி திருத்தும் மென்பொருள் வேண்டவே வேண்டாம். இரண்டுக்கும் நடுவே உள்ள அந்தச் சின்ன விலகல்தான் எனக்கு உயிர்.