நாயின் மூட்டுவாதத்துக்குக் குளிசை வாங்கும்போது விடக்கூடாத பிழைகள்

வன்னியில் நாய் என்றால் பெரும்பாலும் காவலுக்கு நிற்கும் ஊர் நாய்தான். வயலுக்குப் பின்னால் வரும், இரவில் பன்றிக்கும் யானைக்கும் குலைக்கும், பகலில் வீதியோரம் படுத்துக் கிடந்து மோட்டார் சைக்கிளில் அடிபடும். எட்டு ஒன்பது வயதானதும் காலையில் எழும்பக் கஷ்டப்படுகிறது, விறாந்தைப் படியில் ஏறத் தயங்குகிறது, முழங்காலை நக்கிக்கொண்டே இருக்கிறது. அதைப் பார்த்து மனம் கேட்காமல் பார்மசிக்கு ஓடுகிறோம், அல்லது கனடாவில் இருக்கும் மச்சானிடம் மூட்டுக்கு நல்ல குளிசை அனுப்பச் சொல்கிறோம். அக்கறை நல்லதுதான். ஆனால் போத்தலை வாங்குவது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. அதை முதலில் செய்வதுதான் மற்றப் பிழைகளுக்கெல்லாம் தொடக்கம்.

நொண்டுகிற நாய்க்கெல்லாம் மூட்டுவாதம் என்று முடிவுகட்டக் கூடாது. எங்கள் பக்கத்தில் உண்ணிக்குக் குறைவில்லை. உண்ணி பரப்பும் கிருமிகளாலும் மூட்டு வீங்கி, நாய் நடக்கவே மறுக்கலாம். திடீரென்று நொண்டல், ஒரு காலில் இருந்து இன்னொரு காலுக்கு மாறும் வலி, காய்ச்சல், சாப்பாட்டில் வெறுப்பு, வெளிறிய முரசு என்று இருந்தால் இரத்தம் சோதிக்க வேண்டும். அதற்குக் கிருமியைக் கொல்லும் மருந்து வேண்டும். அந்த நேரத்தில் மூட்டுக் குளிசையைக் கொடுத்துக் காத்திருந்தால் நாயை இழக்கவும் நேரிடும். முழங்கால் நார் அறுந்திருக்கலாம், பழைய முறிவு கோணலாகப் பொருந்தியிருக்கலாம், பெரிய சாதி நாயென்றால் எலும்பில் கட்டியும் வரலாம். அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் மாடு, ஆடுகளின் வேலைதான் அதிகம் என்றாலும், நாயையும் காட்டிக் கேளுங்கள். எக்ஸ்றே தேவையென்றால் எங்கே போவது என்று அவர்களே சொல்வார்கள்.

அடுத்தது, உயிரையே எடுக்கக்கூடிய பிழை. மூட்டுக்கான சத்துக் குளிசை வலி மருந்து அல்ல. அது ஏதாவது செய்வதென்றாலும் வாரக்கணக்கில் ஆகும். நான்கு நாளில் மாற்றம் தெரியவில்லை என்றதும் வீட்டில் இருக்கும் பனடோல், இபுபுரோஃபன், டைக்ளோஃபெனாக் என்று கை போகும். தயவுசெய்து வேண்டாம். இபுபுரோஃபனும் டைக்ளோஃபெனாக்கும் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கி இரத்தம் கசிய வைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பனடோலின் அளவு மிஞ்சினால் ஈரல் பழுதாகும். நாங்கள் எங்கள் முழங்காலுக்குப் பூசும் டைக்ளோஃபெனாக் களிம்பை நாய் நக்கினாலும் ஆபத்துத்தான்.

நாய்க்கென்று வைத்தியர் எழுதும் வலி மருந்துகள் இருக்கின்றன. கார்ப்ரோஃபென், மெலொக்சிகாம் போன்றவை. மெலொக்சிகாம் மனிதருக்கும் உண்டு என்பதால் அதே குளிசையைக் கொடுக்கலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள். நாய்க்குத் தொடர்ந்து கொடுக்கும் வழக்கமான அளவு நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். 15 கிலோ நாய்க்கு 1.5 மில்லிகிராம். மனிதருக்கான குளிசை 7.5 அல்லது 15 மில்லிகிராமில் வருகிறது. பெரிய குளிசை ஒன்றைக் கொடுத்தால் பத்து மடங்கு. ஏற்கெனவே ஸ்டெரொயிட் ஊசி போட்டிருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டும் சேர்ந்தால் குடலில் புண் வரும் அபாயம் பல மடங்கு.

சரி, குளிசைக்கு வருவோம். எல்லாரும் கேட்பது குளுக்கோசமைன், கொன்ட்ரோய்டின் என்ற மூட்டுச் சத்துகளை. விலையும் அதற்குத்தான். ஆனால் 2022இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, நாய்களிலும் பூனைகளிலும் நடந்த பல பரிசோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, இந்த இரண்டும் வலியைக் குறைப்பதாகக் காணவில்லை. ஒமேகா-3 கொழுப்புக்கே ஆதரவான சான்று கிடைத்தது. கையில் இருக்கும் காசு ஒன்றுக்குத்தான் போதும் என்றால் என் வாக்கு மீனெண்ணெய்க்கு.

மீனெண்ணெய் வாங்கும்போதும் கண்ணை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. போத்தலின் முன்பக்கத்தில் 1000 மில்லிகிராம் என்று பெரிதாக இருக்கும். அது எண்ணெயின் எடை. அதில் வேலை செய்யும் ஒமேகா-3 கொழுப்புகளான இ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டும் சேர்ந்து சாதாரணக் கப்சூலில் சுமார் 300 மில்லிகிராம்தான், அது பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். 15 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராமளவிலோ அதற்கு மேலோ தேவைப்படலாம். ஆகவே ஒரு கப்சூலைக் கொடுத்துவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்வதில் பொருளில்லை. அளவை வைத்தியரிடம் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஒரேயடியாகக் கொடுத்தால் வயிற்றால் போகும்.

பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கொட் லிவர் எண்ணெயை இதற்குப் பதிலாக ஊற்றக் கூடாது. அது மீனின் ஈரலில் இருந்து எடுப்பது. விற்றமின் ஏ, டி இரண்டும் அதில் செறிந்திருக்கும், ஒமேகா-3 போதுமான அளவு கிடைக்கும்வரை கொடுத்தால் அந்த விற்றமின்கள் உடம்பில் தேங்கி நஞ்சாகும். இன்னொன்று, எங்கள் வெயில். தகரக் கூரைக்குக் கீழே அலுமாரித் தட்டில் வைத்த மீனெண்ணெய் சீக்கிரம் காறிப்போகும். சிறிய போத்தலாக வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், மணம் மாறியதைக் கொட்டிவிடுங்கள்.

முல்லைத்தீவுப் பக்கம் சூடையும் சாளையும் மலிவாகக் கிடைக்கும் நாட்களில், உப்பு, தூள் போடாமல் அவித்து முள் எடுத்துச் சோற்றில் பிசைந்து கொடுக்கலாம். கப்சூலின் அளவுக்கு அது ஈடாகாது, ஆனால் நல்ல சாப்பாடு. கருவாடு வேண்டாம். மஞ்சளை உள்ளியோடு அரைத்துக் கொடுக்கும் பழக்கமும் சில வீடுகளில் உண்டு. உள்ளியும் வெங்காயமும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வெறும் மஞ்சள் குடலில் இருந்து உடம்பில் சேர்வதே மிகக் குறைவு.

வெளிநாட்டில் இருந்து வரும் மனிதருக்கான போத்தலில் சேர்மானப் பட்டியலை ஒவ்வொரு சொல்லாக வாசியுங்கள். சைலிற்றோல் என்ற இனிப்பு இருந்தால் நாயின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. அது இரத்தச் சீனியைச் சட்டென்று விழுத்தி, ஈரலையும் பழுதாக்கும். சப்பிச் சாப்பிடும் ஜெலி வகைகளிலும் சீனி இல்லை என்று எழுதியவற்றிலும்தான் இது அதிகம் இருக்கும்.

எடையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2002இல் வெளியான ஆய்வொன்றில் 48 லப்ரடோர்களைச் சோடி சோடியாக வைத்து, ஒன்றுக்கு மற்றதை விடக் கால்வாசி குறைவாகத் தீன் கொடுத்தார்கள். குறைவாகத் தின்றவை ஏறத்தாழ இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுவாதமும் அவற்றுக்குப் பிந்தியே வந்தது. சங்கிலியில் கட்டி மூன்று வேளையும் சோறு போட்டு வளர்க்கும் லப்ரடோருக்கும் அல்சேஷனுக்கும் எந்தப் போத்தலை விடவும் எடையைக் குறைப்பதே பெரிய உதவி. விலா எலும்பு தெரியும் ஊர் நாய்க்கு இதைச் செய்யாதீர்கள். அதற்குத் தசை குறையாமல் பார்க்க வேண்டும், முட்டையும் மீனும் கூட்டிக் கொடுக்கலாம். மார்கழி மழையில் சீமெந்து நிலத்தில் படுக்க விடாமல் நாலு சாக்கை மடித்துப் போட்டாலே காலையில் எழும்புவது இலேசாகும்.

எதைத் தொடங்கினாலும் ஒன்றை மட்டும் தொடங்குங்கள். மூன்றைச் சேர்த்துக் கொடுத்தால் எது உதவியது, எது வயிற்றைக் குழப்பியது என்று தெரியாது. தொடங்கும் நாளில் நாய் எழும்பி நடப்பதைப் போனில் எடுத்து வையுங்கள், இரண்டு மாதம் கழித்து அதே நேரத்தில் மறுபடி எடுங்கள். வித்தியாசம் இல்லையென்றால் அந்தக் குளிசையை நிறுத்தி, மிஞ்சும் காசை வைத்தியர் எழுதும் வலி மருந்துக்கும் அதற்கு முன் செய்ய வேண்டிய இரத்தப் பரிசோதனைக்கும் செலவிடுங்கள்.